பூட்டியவர் யார்? சாவி யார் கையில்?

கண்டி மாநகரிலிருந்து தென்னேக்கும்புரைப் பாலத்தைக் கடந்து, மகாவலி கங்கையின் அக்கரை வழியே செல்லும் பஸ் வண்டி குண்டசாலையை அடைகிறது. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்க மன்னர் மாளிகை அமைத்து வாழ்ந்த ஊர் இது. மன்னர் காலம் மறைந்துவிட்டது. இன்று இவ்வூர் இல்லங்களுக்கு மகிழ்ச்சி பெரும்பாலும் கடல் கடந்து வரும் பொதிகளில் வந்து சேர்கிறது. அப்படி வந்த ஒரு பொதியைப் பற்றியே இங்கு நாம் கூறப்போகிறோம்.

ஒரு மாலைப்பொழுதில் அயல்வீட்டு அம்மையார் நம் வாயிலில் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளைப் பெட்டி, முகத்திலோ வாட்டம். அமெரிக்காவில் தொழில் புரியும் அவருடைய தம்பி, உயர்தர வகுப்பிற் படிக்கும் மருமகளின் படிப்புக்கென ஒரு கைத்தொலைபேசியை அனுப்பியிருந்தார். நம் நாட்டுச் சிம் அட்டையை அதனுட் செருகியதும், ‘இந்தச் சிம் ஏற்கப்படாது’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது. கண்டி நகரில் ஒரு கடைக்காரர் 15,000 ரூபா பெற்றுக்கொண்டு, ‘திறந்துவிட்டேன்’ என்று கூறிக் கொடுத்தார். மூன்று வாரம் போன் பேசியது. நான்காம் வாரம் மீண்டும் ஊமையாயிற்று. திரும்பக் கொண்டுபோனபோது, “இது திருட்டுப் போனாக இருக்கலாம், அம்மா” என்று அதே கடைக்காரர் சொல்லிவிட்டார்.

மகளின் தனிவகுப்புக்கென ஒதுக்கி வைத்திருந்த பணம் போயிற்று. அதனினும் பெரிய துன்பம், உடன்பிறந்தவன்மேல் ஐயம் புகுந்தது. “தம்பியிடம் எப்படிக் கேட்பேன்? அவன் மனம் நோகாதா?” என்று அம்மையார் கண் கலங்கினார். போனை வாங்கிப் பார்த்தோம். அதிற் பழுது ஒன்றும் இல்லை. திருட்டின் அடையாளமும் இல்லை. அது பூட்டப்பட்டிருந்தது, அவ்வளவே.

இத்தகைய பூட்டைப் பற்றிச் சிறிது அறிந்திருந்தால் அந்த 15,000 ரூபாவும் மிஞ்சியிருக்கும், ஒரு தமக்கையின் நிம்மதியும் குலைந்திராது. ஆகவே இவ்வாரம் அதனை விளக்க முற்படுகின்றோம்.

முள்வாயிலும் மண் முத்திரையும்

1660 ஆம் ஆண்டில் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில் ஒரு சுவையான செய்தி உண்டு. மலைநாட்டுப் பாதைகளிலே நீண்ட முட்களாலான வாயில்கள் இருந்தன. அவற்றை அடியிலிருந்து மேல்நோக்கி உயர்த்தித் திறக்கவேண்டும். அங்கே காவலர் நின்றனர். கடந்து செல்வோர் அரண்மனையிற் பெற்ற மண் முத்திரையைக் காட்டவேண்டும். போர்வீரனுக்கு ஒருவகை உருவம், சுமை தூக்குவோனுக்கு வேறுவகை உருவம் என்று முத்திரைகள் வேறுபட்டன. வந்தவன் நல்லவனா, கெட்டவனா என்று காவலன் ஆராய்வதில்லை. முத்திரை பொருந்துகிறதா என்பதையே பார்ப்பான்.

கைத்தொலைபேசியின் வலையமைப்புப் பூட்டும் இதுபோன்றதே. ஒவ்வொரு சிம் அட்டையிலும் சந்தாதாரருக்கு உரிய ஓர் எண் பதிந்திருக்கிறது. அது பொதுவாக 15 இலக்கங்கள் கொண்டது. இது நாம் பிறரை அழைக்கும் தொலைபேசி எண் அன்று. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இலங்கைக்கு 413, அமெரிக்காவுக்குரிய எண்களுள் ஒன்று 310. அவற்றை அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் தொலைபேசி நிறுவனத்தைக் குறிக்கும். நம் நாட்டில் மொபிடெல்லுக்கு 01, டயலொக்குக்கு 02 என்பன எடுத்துக்காட்டுகள்.

பூட்டப்பட்ட போனுக்குள், ‘இன்ன நிறுவனத்தின் சிம்முக்கு மட்டுமே இடங்கொடு’ என்னும் கட்டளை பதிக்கப்பட்டுள்ளது. சிம்மைச் செருகியவுடன் போன் அந்த முதல் ஐந்தாறு இலக்கங்களைப் படித்துப் பார்க்கிறது. பொருந்தினால் வாயில் உயர்கிறது. பொருந்தாவிடில் முள் அசைவதில்லை. அமெரிக்க நிறுவனமொன்றின் முத்திரையை எதிர்பார்த்து நின்ற போன், 413 என்று தொடங்கும் நம்மூர் முத்திரையைக் கண்டு மறுத்ததில் வியப்பென்ன?

பூட்டுவது ஏன்?

இக்கேள்விக்கு விடை ஒரே சொல்லில் அடங்கும்: கடன்.

மேலைநாடுகளில் நிறுவனங்கள் விலையுயர்ந்த போனைக் குறைந்த முற்பணத்துக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய தொகையை மாதக் கட்டணத்தின் வழியே இரண்டு ஆண்டுகளில் அறவிடுவது வழக்கம். போனைப் பெற்றவர் மறுநாளே வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டால் கொடுத்தவருக்கு நட்டம் அன்றோ? அதைத் தடுக்க இட்ட வேலியே இப்பூட்டு.

அவ்வேலியின் பெறுமதி எவ்வளவு என்பதை ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கு காட்டிற்று. 2007 நவம்பரில் ஐபோன் அந்நாட்டுக்கு வந்தபோது டி-மொபைல் நிறுவனம் அதனை இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் 399 யூரோவுக்கு விற்றது. போட்டி நிறுவனமான வொடபோன் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றது. உடனே டி-மொபைல், பூட்டும் ஒப்பந்தமும் இல்லாத அதே போனுக்கு 999 யூரோ என்று விலை கூறியது. அடுத்த மாதமே தடை நீங்கிற்று. பூட்டும் திரும்பி வந்தது. ஆயினும் பூட்டிய போனுக்கும் திறந்த போனுக்கும் இடையே 600 யூரோ வேறுபாடு இருந்ததை உலகம் கண்டுகொண்டது.

அண்டை நாடான இந்தியாவிலும் இதன் ஒரு வடிவம் தோன்றியது. 2003 ஆம் ஆண்டில் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபா முற்பணத்துக்குக் கைத்தொலைபேசி என்று அறிவித்தபோது மக்கள் திரண்டு வாங்கினர். அப்போன்கள் சிடிஎம்ஏ என்னும் முறையைச் சேர்ந்தவை. அவற்றிலே சிம் அட்டையே கிடையாது. ஆதலால் தனியே ஒரு பூட்டும் தேவைப்படவில்லை. போனும் நிறுவனமும் பிறவியிலேயே பிணைக்கப்பட்டிருந்தன. மலிவாகக் கிடைக்கும் போனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கயிறு இருக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டின் நிலை

தென்னாசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கிய நாடு இலங்கை. 1989 இல் செல்டெல் நிறுவனம் அதனைத் தொடங்கியது. ஆனால், போனைத் தவணைக் கடனுக்குக் கொடுத்து நிறுவனத்துடன் பிணைக்கும் வழக்கம் இங்கே பெரிதும் வேரூன்றவில்லை. முழு விலையையும் கொடுத்துக் கடையிற் போனை வாங்குவோம். விரும்பிய சிம்மைச் செருகுவோம். எனவே நம் கடைகளிற் புதிதாக விற்கப்படும் போன்கள் பெரும்பாலும் பூட்டில்லாதவை. நிறுவனங்கள் வீட்டு இணையத்துக்கெனத் தரும் ரூட்டர் கருவிகள் அவ்வந்நிறுவனத்துக்கே பூட்டப்பட்டு வருவதுண்டு.

பூட்டை அறியாமல் வளர்ந்தமையாலேயே நாம் அதனிடம் எளிதில் ஏமாறுகிறோம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்புவன, அங்கு ஒருவர் பயன்படுத்திக் கழித்தபின் இங்கு விற்பனைக்கு வருவன ஆகிய இருவகைப் போன்களிலுமே பூட்டு நம் இல்லத்துக்குள் நுழைகிறது.

பூட்டுகள் நான்கு

போன் திறக்கவில்லை என்றவுடன் எல்லாவற்றையும் ஒரே பூட்டாக எண்ணிவிடலாகாது. நான்கு வேறு காரணங்கள் உள்ளன.

முதலாவது, நாம் இதுவரை கூறிய வலையமைப்புப் பூட்டு. சிம் அட்டையை மட்டும் இது தடுக்கும். வீட்டிலுள்ள வைபை இணைப்பில் போன் நன்றாகவே இயங்கும்.

இரண்டாவது, திரைப்பூட்டு. உரிமையாளர் தாமே இட்ட இரகசிய எண் இது.

மூன்றாவது, கணக்குப் பூட்டு. போனைத் துடைத்துப் புதிதாக்கியபின்னும், முன்னைய உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டு நிற்கும். விற்றவர் இதனை நீக்கித் தராவிடில் அந்தப் போனை வாங்கவே கூடாது.

நான்காவது, கறுப்புப் பட்டியல். களவு போனது அல்லது கடன் கட்டாதது என்று ஒரு நிறுவனம் முறையிட்டால், போனின் அடையாள எண் தடைப்பட்டியலிற் சேர்க்கப்படும். வலையமைப்புப் பூட்டைத் திறப்பதனால் இத்தடை நீங்காது.

கண்டிக் கடைக்காரர் முதலாவதை நான்காவதாகக் கூறிவிட்டார். அச்சொல்லே ஒரு குடும்பத்தில் ஐயத்தை விதைத்தது.

பதினைந்து இலக்கங்களின் கணக்கு

மேலே கூறிய அடையாள எண்ணை ஐஎம்இஐ என்பர். எந்தப் போனிலும் *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். அதன் முதல் எட்டு இலக்கங்கள் போனின் வகையையும், அடுத்த ஆறு அந்தத் தனிப்போனையும் குறிக்கும். கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம்.

மாணவர்கள் இச்சோதனையைத் தாமே செய்து பார்க்கலாம். 490154203237518 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 14 இலக்கங்களுள் இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என இரட்டை இடங்களில் நிற்பவற்றை இருமடங்காக்குக. 18, 14 போல் ஈரிலக்கம் வந்தால் அவ்விரண்டையும் கூட்டி 9, 5 எனக் கொள்க. இவற்றின் கூட்டுத்தொகை 30. ஒற்றை இடங்களில் நிற்பவற்றின் கூட்டுத்தொகை 22. ஆக 52. இதனைப் பத்தின் மடங்காக்க வேண்டியது 8. அதுவே கடைசி இலக்கம். தம் வீட்டுப் போனின் எண்ணையும் இவ்வாறே சோதித்துப் பார்த்தல் நல்ல பயிற்சியாகும்.

இக்கணக்கு வெறும் வேடிக்கை அன்று. பூட்டைத் திறக்குமாறு நிறுவனத்துக்கு எழுதும்போது இந்த எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். ஓர் இலக்கம் பிழைத்தாலும் விண்ணப்பம் பயனற்றதாகும். கணக்குப் போட்டுப் பார்த்து அனுப்பினால் அப்பிழை நேராது.

உண்மைச் சாவியும் பொய்ச் சாவியும்

பூட்டைத் திறக்கும் நேரிய வழி ஒன்றே: பூட்டிய நிறுவனத்திடம் கேட்பது. தவணை முழுவதும் கட்டப்பட்டிருக்கவேண்டும். போன் களவுபோனதாக முறையிடப்பட்டிருக்கக் கூடாது. சில நிறுவனங்கள் குறித்த நாட்கள் தம் சேவையிற் பயன்படுத்தியிருக்கவேண்டும் என்றும் விதிக்கின்றன. இவை நிறைவேறினால் நிறுவனம் திறந்து தரும். சில போன்களுக்கு ஒரு சாவி எண் வரும். அதனைத் திரை கேட்கும்போது அழுத்தவேண்டும். ஐபோனுக்கு அத்தகைய எண் இல்லை. நிறுவனம் ஆப்பிளின் பதிவேட்டில் மாற்றம் செய்யும்; போன் இணையத்தோடு தொடர்புகொள்ளும்போது அம்மாற்றத்தை ஏற்றுத் திறந்துகொள்ளும்.

பழைய நோக்கியாப் போன்கள் சிலவற்றில் ஐஎம்இஐ எண்ணிலிருந்தே சாவி எண் கணக்கிடப்பட்டது. அக்கணக்கு வெளியானபின் தெருக்கடைகளிலும் எளிதாகத் திறந்தார்கள். ‘கடைக்காரரால் எதையும் திறக்கமுடியும்’ என்ற நம்பிக்கை அக்காலத்து மிச்சம். இன்றைய போன்களில் அது நடவாது. ஊகித்து எண்களை அழுத்திப் பார்ப்பதும் ஆபத்து. சிலமுறை தவறினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் போன்களும் உள்ளன.

அவ்வாறாயின் அந்தக் கடைக்காரர் செய்தது யாது? சிம் அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தோம். அதனோடு ஒட்டினாற்போல் காகிதத்தினும் சற்றே தடித்த ஒரு மெல்லிய தகடு இருந்தது. அத்தகட்டில் ஒரு சிறு மின்சில்லு உண்டு. சிம்முக்கும் போனுக்கும் இடையே இருந்து, ‘எதிர்பார்த்த நிறுவனத்தின் சிம்தான் வந்திருக்கிறது’ என்று போனிடம் அது பொய் கூறும். முள்வாயிற் காவலனிடம் போலி மண் முத்திரையைக் காட்டுவது போன்ற வேலை இது. பூட்டு திறக்கவில்லை, காவலன் ஏமாற்றப்பட்டான். போனின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும் காவலன் விழித்துக்கொண்டான். போலி முத்திரை செல்லாதாயிற்று.

உரிமை யாருடையது?

பணம் முழுவதையும் கட்டியபின் போன் யாருடையது என்ற கேள்வி, போன் வந்த அமெரிக்காவிலேயே பெரிய வாதமாக எழுந்தது. அந்நாட்டுப் பதிப்புரிமை விதிகளுக்கு அளிக்கப்பட்டிருந்த ஒரு விலக்கு முடிவடைந்தமையால், 2013 ஜனவரி 26 க்குப் பின் வாங்கும் போனை நிறுவனத்தின் சம்மதமின்றித் திறப்பது சட்டவிரோதம் என்றாயிற்று. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு வெள்ளை மாளிகைக்கு மனுச் செய்தனர். அதன் பயனாக, திறக்கும் உரிமையை மீட்டுத் தரும் சட்டத்தில் 2014 ஓகஸ்ட் 1 ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்டார்.

வேறு நாடுகள் இன்னும் ஒருபடி முன்சென்றன. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதுப் போன்கள் திறந்த நிலையிலேயே விற்கப்படவேண்டும் என்றும், முன்பு பூட்டியவற்றைக் கட்டணமின்றித் திறந்து தரவேண்டும் என்றும் விதி வந்தது. ஜப்பான் 2021 ஒக்டோபரிலும் பிரித்தானியா 2021 டிசம்பரிலும் பூட்டிய போன் விற்பனைக்குத் தடை விதித்தன. கடனை வசூலிக்க ஒப்பந்தம் போதும். பூட்டு வேண்டியதில்லை என்பதே இவற்றின் கருத்து.

ஆயினும் அச்சட்டங்களுக்கு முன்பு விற்கப்பட்ட பூட்டிய போன்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவிலோ பூட்டும் வழக்கம் முற்றாக நீங்கவில்லை. எனவே எச்சரிக்கை நம் கையில்தான் இருக்கிறது.

வாங்குமுன் செய்யவேண்டியவை

உறவினர் போன் அனுப்ப முன்வந்தால், “பூட்டில்லாததா? தவணை பாக்கி உண்டா?” என்று முதலிலேயே கேளுங்கள். அன்பளிப்பைக் குறை கூறுவதாக எண்ணவேண்டாம். பூட்டிய நிறுவனம் இருக்கும் நாட்டில் அவர் இருக்கும்போதே திறப்பது எளிது. கணக்கு அவர் பெயரில் உள்ளமையால் விண்ணப்பமும் அவரே செய்யவேண்டும்.

கடையிற் பழைய போன் வாங்கினால், வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் அட்டைகளைக் கொண்டு சென்று, அங்கேயே செருகி அழைத்துப் பாருங்கள். சிம்மோடு தகடு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஐபோனாயின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஜெனரல்’, அதனுள் ‘அபவுட்’ என்னும் இடத்துக்குச் சென்றால் ‘கேரியர் லொக்’ என்றொரு வரி தென்படும். அதற்கு நேரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்றிருந்தால் பூட்டில்லை. தகடு வைத்துப் பேசவைத்த போனில் இவ்வாசகத்தைக் காணமுடியாது. ஏமாற்றைக் கண்டுபிடிக்க இது நல்ல உரைகல்.

ஐஎம்இஐ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு 15 இலக்கங்களையும் எழுதி 1909 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அப்போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிற் பதிவாகியுள்ளதா என்று அறியலாம்.

இன்னுமொன்று: 2022 இல் வெளிவந்த ஐபோன் 14 தொடங்கி, அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களிற் சிம் அட்டை செருகும் இடமே இல்லை. மின்வழியாகப் பதியும் இ-சிம் மட்டுமே உண்டு. அட்டை இல்லாவிடினும் பூட்டு இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

தம்பி சொன்ன மறுமொழி

நாம் வற்புறுத்தியதன்பேரில் அம்மையார் அன்றிரவே அமெரிக்காவுக்கு அழைத்துப் பேசினார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மறுமுனையிற் சிறிதுநேரம் மௌனம்.

“அக்கா, அதைத் தவணைக்குத்தான் வாங்கினேன். இன்னும் இரண்டு தவணை பாக்கி. கடனுக்கு வாங்கியது என்று தெரிந்தால் நீங்கள் ஏற்கமாட்டீர்கள் என்று சொல்லவில்லை” என்றார் தம்பி.

“அடே, என்னிடம் மறைப்பதற்கு இதுவும் ஒரு விஷயமா?” என்று அக்காள் சிரித்தார், கண்ணீரும் வந்தது.

அடுத்த சம்பளத்தில் தம்பி பாக்கியைக் கட்டி, நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். சில நாட்களில், ஒரு காசும் கேட்காமல், குண்டசாலையிலிருந்த போன் திறந்துகொண்டது. தகடு குப்பைக் கூடைக்குப் போயிற்று. 15,000 ரூபா திரும்பி வரவில்லை. வகுப்புக் கட்டணத்துக்கு அந்தத் தாய் வேறு வழி தேடவேண்டியதாயிற்று.

போன் ஒன்று பூட்டியிருக்கக் கண்டால், அதனைக் கடைக்குக் கொண்டோடுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: பூட்டியவர் யார்? சாவி அவரிடமே இருக்கிறது. கடன் தீர்ந்துவிட்டால் அதனைக் கேட்டுப் பெற வாங்கியவருக்கு முழு உரிமையும் உண்டு. கேட்கவேண்டியவரிடம் கேட்கத் தயங்கியதனாலேயே அந்த இல்லத்தில் பணமும் நிம்மதியும் ஒருங்கே போயின. நம் வாசகர் இல்லங்களில் அத்தயக்கம் வேண்டாம்.